பெரியப்பாவின் முள்ளும் அப்பாவின் சப்பாத்தும்

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் ஊரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவோம். கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு என்போம். செம்மண்ணில் எதைப் போட்டாலும் விளையும் என்போம். சொந்தக்காரரெல்லாம் ஒட்டிப் பிறந்தவர்கள்போல இருந்தோம் என்போம். நானும் இத்தனை காலமாகத் தலையாட்டி வந்தேன். இனி ஆட்டமாட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஆனால் அந்தத் தண்ணீருக்குப் போகிற வழியில் என் பெரியப்பா முள் போட்டார். உங்கள் வீடுகளிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். நீங்கள் சொல்லாமல் விட்டிருப்பீர்கள், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவது நின்றுபோய், எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் திடீரென்று நிமிர்ந்து நடந்த வருடங்கள் அவை. வேலிக் கரை வரைக்கும் வெங்காயம் நட்டார்கள். ஒரு சாண் நிலம் சும்மா கிடந்தால் அதற்கும் இரண்டு பேர் உரிமை கேட்டார்கள்.

அப்பாவும் பெரியப்பாவும் கூடப் பிறந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து வளவு. இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒருநாள் எங்களுக்கு இறைப்பு, மறுநாள் அவர்களுக்கு. எங்கள் வீட்டிலிருந்து கிணற்றடிக்கும், அதற்கு அப்பால் இருந்த எங்கள் தோட்டத்துக்கும் போவதென்றால் பெரியப்பாவின் நிலத்தின் ஓரமாகத்தான் பாதை. நிலம் அவருடையது, வழி எங்களுடையது. அந்த வழியை அடைக்க அவருக்கு உரிமை இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

அப்பா ஒரு தண்ணீர்ப் பம்பு வாங்கிக் கிணற்றுக் கட்டின் மேல் பூட்டினார். அது ஆடுகிற ஆட்டத்தில் கட்டு வெடித்துப்போனது என்றார் பெரியப்பா. கட்டு முந்தியே வெடித்துத்தான் கிடந்தது என்றார் அப்பா. பிறகு பெரியப்பாவும் ஒரு பம்பு வாங்கி எதிர்ப்பக்கத்தில் பூட்டினார். அதோடு சண்டை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. அப்பாவின் வாயில் 'அண்ணை' என்ற சொல் முதலில் 'அவர்' ஆனது, பிறகு 'அவன்' ஆனது. ஒருதரம் 'அவன்' ஆகிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் பாதை முழுக்க முள். பனையின் கருக்கு மட்டைகளை, அந்த வாள்பற்கள் மேலே பார்த்து நிற்கும்படி அடுக்கியிருந்தார். இடைவெளிகளில் இலந்தை முள். அதற்குள்ளே உடைத்த சோடாப் போத்தல். கண்டபடி கொட்டவில்லை. வெங்காயப் பாத்திக்குப் பசளை பரப்புவதுபோலப் பார்த்துப் பார்த்துப் பரப்பியிருந்தார்.

அப்பா ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையாரைக் கூட்டி வந்தார். பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"நான் வழியை மறிக்கேல்லை. வழி கிடக்கு. நடக்கிறவன் நடக்கட்டும்."

விதானையார் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி பாதையைப் பார்த்தார். தன் காணியில் ஒருவர் மட்டை போடுவதைக் குற்றம் என்று எழுத முடியாது, அண்ணன் தம்பி பேசித் தீருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா முள்ளை வாரி ஓரத்தில் ஒதுக்கினார். மறுநாள் அதைவிடக் கூட முள் வந்தது. றப்பர்ச் செருப்போடு நடந்து பார்த்தார். முள் செருப்பைத் துளைத்தது, போத்தல் துண்டு கணுக்காலைக் கீறியது. வேலிக்கு வெளியே போகிற ஒழுங்கையால் சுற்றிப் போகலாம், கொஞ்சம் தூரம்தானே என்றார் அம்மா. சுற்றிப் போனால் அவன் வென்றதாய்ப் போகும் என்றார் அப்பா. அந்த ஒரு வசனத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

அவர் யாழ்ப்பாணம் போய்ச் சப்பாத்து வாங்கி வருவதென்று முடிவெடுத்தார். தனக்கொன்று, அம்மாவுக்கொன்று. எனக்கு இல்லை. வளருகிற காலுக்கு வாங்குவது வீண் என்றார். நான் ஒழுங்கையால் சுற்றிப் போகலாம், சின்னப் பிள்ளை சுற்றிப் போனால் தோல்வி இல்லை.

அம்மாவின் காலுக்கு அளவெடுத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை. அம்மா பலகையில் இருந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அப்பா குனிந்து, தன் பக்கத்தில் இருந்த இடது காலைத் தூக்கி, அடியில் ஒரு தென்னோலை ஈர்க்கைப் பிடித்து, பெருவிரல் நுனியில் முறித்தார். முறித்ததைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அளவு முடிந்தது.

நான் பிறகு படிப்பிக்கப் போய், நாள் முழுக்க நின்று, கால் நொந்து, என் காசில் சப்பாத்து வாங்கத் தொடங்கிய காலத்தில்தான் அந்த விடியற்காலையில் எத்தனை பிழையைக் கண்டேன் என்று விளங்கியது. காலை அளப்பதென்றால் நிற்க வைத்து அளக்க வேண்டும். உடம்பின் பாரம் இறங்கினால்தான் கால் தன் உண்மையான அகலத்தைக் காட்டும். பொழுதுபட அளக்க வேண்டும், நாள் முழுக்க வேலை செய்த கால் வீங்கியிருக்கும். இரண்டு காலையும் அளக்க வேண்டும், பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். அம்மாவுக்கு வலது கால் பெரிது. பிறந்ததிலிருந்து வெறுங்காலில் நடந்த கால். விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் கைவிரல்போல விரிந்து நிற்கும். ஈர்க்குக்கு நீளம் மட்டும்தான் தெரியும்.

வாங்கிய கதையை அப்பா எல்லாரும் கேட்கச் சொன்னார். கடைக்காரர் முதலில் மெல்லிய சப்பாத்து ஒன்றை எடுத்துக் காட்டினாராம். அப்பா அதை முழங்காலில் வைத்து வளைத்தாராம். அது வளைந்ததாம். வளைகிறது எனக்கு வேண்டாம் என்று சொல்லி, அடுக்கின் அடியில் கிடந்த பட்டாளச் சப்பாத்துகளை இறக்குவித்து, அடியைத் தூணில் தட்டிப் பார்த்து, எது கல்லுப்போலச் சத்தம் போட்டதோ அதை எடுத்தாராம். தன்னுடையதைக் கடையிலேயே கால் போட்டு, அங்கும் இங்கும் நடந்து பார்த்துத்தான் வாங்கினார். அம்மாவுடையதற்குள் ஈர்க்கை விட்டுப் பார்த்தார். ஈர்க்கு நோகுது என்று சொல்லவில்லை.

சப்பாத்துக்குள் காலுக்குப் போட மேசு வாங்கவில்லையா என்று அம்மா கேட்டார். மேசு கந்தோர் உத்தியோகத்துக்குப் போகிறவர்கள் போடுகிறது என்றார் அப்பா.

முதல் நாள் அவர்கள் அந்த வழியில் நடந்தபோது நான் எங்கள் வேலிக்கரையில் நின்றேன். அடியில் இரும்பாணி பதித்த கறுப்புச் சப்பாத்து, பூச்சி உருண்டையும் பழைய எண்ணெயும் கலந்த மணம். கருக்கு மட்டை அதன் கீழ் மொறுமொறுவென்று நொறுங்கியது. அப்பா ஒரு தேவையும் இல்லாமல் போய் வந்தார், திரும்பப் போனார். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேலிக் கதியால்களைப் பிடித்துப் பிடித்து, ஆற்றுக்குள் இறங்கியவர்போல நடந்தார். பெரியப்பா தன் முற்றத்தில் நின்று பார்த்தார். பெரியம்மா குசினி வாசலில் நின்று, பட்டாளம் போகிறது பாருங்கோ என்று சொல்லிச் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் என் வயதுக்காரியான அவருடைய மகள் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லாரையும் அந்தப் பாதையில் வெறுங்காலோடு நடக்க விட வேண்டும் என்று நான் நினைத்தேன். அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது.

பொழுதுபட அம்மாவின் சப்பாத்தைக் கழற்றுவது என் வேலையானது. இறைப்பு நாளில் அம்மா வாய்க்காலில் தண்ணீர் மாறிவிடுவார். பாத்திக்குப் பாத்தி மண்ணை வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும். சப்பாத்துக்குள் தண்ணீரும் சேறும் போய் நாள் முழுக்க ஊறும். நூல் வீங்கி முடிச்சு அவிழாது, பல்லால் கடித்து அவிழ்ப்பேன். கழற்றும்போது உறிஞ்சுகிற சத்தம் ஒன்று வரும். உள்ளே இருந்த கால் அம்மாவின் கால் மாதிரியே இருக்காது. வெளிறி, சுருங்கி, ஊறப்போட்ட பயறுபோல இருக்கும். வலது காலில் சின்ன விரல் பக்கத்து விரலுக்குக் கீழே மடங்கிக் கிடக்கும். அதை நான் மெதுவாக வெளியே எடுத்து விடுவேன். அம்மா கண்ணை மூடிக்கொள்வார்.

அப்பா இரண்டு சோடிச் சப்பாத்தையும் இரவில் காயட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார். நனைந்த தோலை நெருப்புக்குக் கிட்ட வைக்கக்கூடாது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. விடியப் பார்த்தால் அது பலகையாகக் கிடக்கும். குதிப் பக்கத்து விளிம்பு உள்ளே சுருண்டு கத்திபோல நிற்கும். அதற்குள்தான் அம்மா திரும்பக் காலை விடுவார்.

ஒருநாள் அம்மா சொன்னார், சப்பாத்து நெரிக்குது, கொப்புளம் போட்டிருக்கு, நான் சுத்திப் போறன் என்று. அப்பா வெங்காயம் நறுக்குகிற கையை நிறுத்தவில்லை.

"பழகினாச் சரி. தோல் எல்லோ, காலுக்கு இணங்கும்."

அம்மா அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடியில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வேலை செய்து பார்த்தார். ஆனால் வீங்கின காலைத் திரும்ப உள்ளே விடுவது, போட்டபடி நிற்பதைவிடக் கொடுமையாக இருந்தது. ஆகவே போட்டபடியே நின்றார். கொப்புளம் உடைந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ச்சிப் பூசினோம். புண்ணுக்கு மேல் பழைய சேலைத் துண்டைச் சுற்றினோம், சுற்றினால் சப்பாத்து இன்னும் நெரித்தது.

அப்பாவிடம் சொல்லாதே என்றார் என்னிடம். சொல்லியாயிற்று, அவருக்குக் கேட்கவில்லை. அந்த வீட்டுக்குத் தெரியவே கூடாது என்றார். ஏனென்று நான் கேட்கவில்லை. இப்போது யோசித்தால், அம்மாவும் அந்தச் சண்டைக்குள் காலை விட்டுவிட்டார், சப்பாத்தோடுதான். பெரியம்மாவின் அந்தச் சிரிப்புக்கு முன்னால் நொண்டி நடக்க அவருக்கு மனமில்லை.

பிறகு மணம் மாறியது. மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் மீறிக்கொண்டு வேறொரு மணம் வந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. பின்னேரங்களில் அம்மாவின் உடம்பு சுட்டது. ஒருநாள் நான் சேலைத் துண்டை அவிழ்த்தபோது சின்ன விரல் கறுத்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் பெரியப்பாவின் மகளும் நானும் ஒரே வாங்குப் பலகையில்தான் முந்தி இருந்தோம். சண்டை வந்தபின் எங்களுக்கு நடுவில் இன்னொருத்தியை இருத்தினோம். கதைப்பதில்லை. அன்றைக்கு இடைவேளையில் தண்ணீர்த் தொட்டியடியில் அவள் தனியாக நின்றாள். நான் போய் முன்னால் நின்றேன்.

"எங்கடை அம்மான்ரை விரல் கறுத்துப் போச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். கையில் கோலின தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிட்டுப் போனாள்.

நான் வீட்டுக்கு வந்து சேரவும் பெரியம்மா எங்கள் படலையைத் தள்ளிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. சண்டை தொடங்கியபின் அவர் எங்கள் வளவுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். அப்பா சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோயிருந்தார். அம்மா பாயில் சுருண்டு கிடந்தார். பெரியம்மா குனிந்து துணியை விலக்கிப் பார்த்தார். முகத்தில் இரக்கம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை.

"நீ செத்தியெண்டால் நாளைக்கு ஊர் எங்கடை முள்ளிலைதான் பழி போடும். எழும்படி. காருக்கு ஆள் அனுப்பியிருக்கிறன்."

அம்மா வரமாட்டேன் என்று தலையை அசைத்தார். பெரியம்மா கேட்கவில்லை. கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினார். தெல்லிப்பழை ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் காரின் முன்பக்கத்தில் இருந்தார், ஒருதரமும் பின்னால் திரும்பவில்லை. நான் பின்னால் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய கொண்டையையே பார்த்துக்கொண்டு போனேன். எங்களைக் காப்பாற்றுகிற அந்த மனிசியை எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் நான் அவருக்கு நன்றியோடு இருக்கிறேனே தவிர, பிடிக்கிறது என்று சொல்லமாட்டேன்.

அம்மாவின் வலது காலில் சின்ன விரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் காலையே எடுத்திருக்க வேண்டும் என்று டொக்டர் அப்பாவிடம் சொன்னார். நெரிக்கிற சப்பாத்து, அதற்குள் ஈரம், அதற்குள் சேறு, இந்த மூன்றும் சேர்ந்தால் போதும் என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு வீட்டுக்கு வந்து, பூவரசம் கம்பை முறித்து, எனக்கு அடித்தார். வீட்டுக் கதையை எதிரி வீட்டுக்குக் கொண்டுபோனதற்காக அந்த அடி. நான் கொண்டுபோகாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று அவரிடம் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் ஊரில் இரண்டு கதை நடந்தது. முள் குத்தித்தான் விரல் போனது என்று அப்பா சந்தியில் சொன்னார். சப்பாத்துக் கடித்துத்தான் போனது என்று பெரியப்பா தேத்தண்ணிக் கடையில் சொன்னார். ஊரும் இரண்டாகப் பிரிந்து நின்று கதைத்தது. போன விரல்களுக்குச் சொந்தக்காரியிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்ததும் அப்பா தன் திட்டத்தைச் சொன்னார். விதானையாரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். கிணற்றடியில் வைத்து அம்மா தன் வாயால் சொல்ல வேண்டும், கருக்கு முள் சப்பாத்தைத் துளைத்துக்கொண்டு ஏறியது என்று. அதை வைத்துக்கொண்டு பொலிசுக்குப் போகலாம், கோட்டுக்குப் போகலாம், அவனைப் படுக்க வைக்கலாம். சொல்ல வேண்டிய வசனத்தைச் சொல்லிக் கொடுத்தார். அம்மா பதில் சொல்லவில்லை. அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவருக்கு மௌனம் எல்லாம் சம்மதம்தான்.

அன்று காலை அப்பா முள்வழியால் சப்பாத்தோடு போனார். அம்மாவும் நானும் ஒழுங்கையால் சுற்றிப் போனோம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, குதியை மட்டும் ஊன்றி நடந்தார். என் கையில் ஓர் ஓலைப்பை தந்திருந்தார். பாரமாக இருந்தது. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும், எதற்கென்று தெரியாது.

கிணற்றடியில் விதானையார், அப்பா, எதிர்ப்பக்கத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும், வேலிக்கு வெளியே குடிதண்ணீருக்கு வந்த அயல்சனம். விதானையார் இந்தமுறை சைக்கிளை விட்டு இறங்கியிருந்தார். என்ன நடந்தது, பயப்படாமல் சொல்லுங்கோ என்று அம்மாவிடம் கேட்டார்.

"முள்ளு குத்தேல்லை" என்றார் அம்மா. "இவர் வாங்கித் தந்த சப்பாத்துத்தான் என்ரை காலைத் திண்டது."

அப்பாவின் முகம் செத்தது. பெரியப்பா விதானையாரைப் பார்த்து, கேட்டுதோ என்று சிரித்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினார். அத்தான் என்று அழைத்து மரியாதையாகக் கதைக்கிற அம்மாவை நான் அறிவேன். அன்றைக்கும் அதே மரியாதைதான். குரல்தான் வேறு.

"நீங்கள் முள்ளுப் போடாட்டில் இவர் ஏன் சப்பாத்து வாங்கப் போறார், அத்தான்? சிரிக்காதேங்கோ."

சொல்லிவிட்டு என் கையிலிருந்த பையை வாங்கினார். தன் சப்பாத்தில் ஒன்றை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டார். மற்றதையும் எடுத்துப் போட்டார். இரண்டு தரமும் ஆழத்தில் தண்ணீர் அடிபட்ட சத்தம் கேட்டது.

மாட்டுத் தோல், புண்ணின் சீழ் ஊறின தோல், இரண்டு வீடும் அயலும் குடிக்கிற கிணற்றுக்குள். சுவாமி அறைக்குத் தண்ணீர் அள்ளுகிற கிணறு அது. அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அம்மா விலகவில்லை, கண்ணையும் மூடவில்லை. அந்தக் கை எங்கே போவது என்று தெரியாமல் இறங்கியது.

"இனி ரெண்டு பேரும் இறையுங்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா என் தோளைத் தேடினார். பிறகு யோசித்தவர்போல, போகாமல், வாய்க்கால் கரையிலிருந்த கல்லில் காலை நீட்டிக்கொண்டு இருந்துவிட்டார்.

அப்பா தன் பம்பை இயக்கினார். எங்கள் பக்கத்துக் கிணறுகளின் ஊற்று உங்களுக்குத் தெரியும், பாறைக்குள்ளால் பொங்கும். தண்ணீர் கொஞ்சம் இறங்கியது, பிறகு அந்த இடத்திலேயே நின்றது. இறைக்க இறைக்க ஊறியது. வெயில் ஏறியது. வேலிக்கு வெளியே குடத்தோடு நின்ற பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள், பிறகு உரத்தே ஏசினார்கள். ஒரு பம்பால் ஒருநாளும் அந்தக் கிணறு வற்றாது என்பது அங்கு நின்ற எல்லாருக்கும் தெரியும். அப்பா கேட்கமாட்டார். பெரியப்பா கேளாமல் செய்யமாட்டார். பெரியம்மாதான் கடைசியில் போய், சொந்தப் புருஷனைப் பார்த்து, பிள்ளைக்குக் குடிக்க என்ன வார்க்கப் போகிறாய் என்று கேட்டார். அவர் புருஷனை ஒருமையில் சொன்னது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. பெரியப்பா யாரையும் பார்க்காமல் வந்து தன் பம்பைச் சுழற்றினார்.

இரண்டு யந்திரமும் ஒருமித்து இரைந்தன. மண்ணெண்ணெய்ப் புகை கிணற்றடியை மூடியது. தண்ணீர் கீழே போகப் போக, நான் ஒருநாளும் காணாத பச்சைப் பாசிக் கல்லும் கறுத்த சேறும் தெரிந்தன. அப்பா உள்ளே இறங்கிக் கடகத்தில் சேற்றை அள்ளினார். பெரியப்பா மேலே நின்று கயிற்றை இழுத்தார். ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரு சொல் பேசாமல், கயிறு இறுகுவதையும் தளருவதையும் வைத்தே வேலை நடந்தது. அள்ளிய சேற்றைக் கொண்டுபோய்க் கொட்ட வழி வேண்டும். முள்ளுக்கு மேலால் சேற்றுக் கடகம் சுமக்க வரமாட்டோம் என்று அயல்சனம் சொல்லிவிட்டது. பெரியப்பா ஒரு கொக்கத்தடியை எடுத்துவந்து, தான் அடுக்கின மட்டையைத் தானே இழுத்து ஒதுக்கினார். போத்தல் துண்டுகளைக் குனிந்து குனிந்து பொறுக்கினார். அம்மா கல்லில் இருந்து அதை முழுக்கப் பார்த்தார்.

சப்பாத்துகள் இரண்டும் சேற்றோடு மேலே வந்தன. அப்பா அவற்றை ஒரு தடியில் கொழுவிக்கொண்டு போனார். எங்கே போட்டார் என்று தெரியாது. தன்னுடையதையும் பிறகு நான் காணவில்லை.

அதற்குப் பிறகு அந்த வழியில் முள் விழவில்லை. வெட்கமா, கிணற்றை இன்னொருதரம் இறைக்கப் பயமா, எனக்குத் தெரியாது. அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பெரியப்பா செத்தபோதும் அப்பா ஒழுங்கையில் நின்றுவிட்டு வந்துவிட்டார். பள்ளிக்கூட வாங்கில் எங்களுக்கு நடுவில் இருந்தவள் மட்டும் எழும்பிப் போனாள். பெரியப்பாவின் மகளும் நானும் திரும்பப் பக்கத்தில் இருந்தோம், அந்தக் கதையை எடுக்காமல்.

அம்மா இரண்டு விரல் இல்லாமல் நடக்கப் பழகினார். ஒவ்வொரு பின்னேரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசிவிடுவேன். அப்பா அந்த நேரத்தில் முற்றத்தில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு நிற்பார். கிட்ட வரமாட்டார். அம்மா அவரோடு கதைப்பதில்லை. சோறு வைப்பார், தேத்தண்ணி வைப்பார், கதைப்பதில்லை. அவர் ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து வாய் அகலமான மெத்தென்ற செருப்பொன்று வாங்கிவந்து அடுக்களை வாசலில் வைத்தார். அது வைத்த இடத்திலேயே கிடந்து தூசி பிடித்தது.

ஓர் இறைப்பு நாள் காலை. அம்மா வெறுங்காலோடு அந்த வழியால் முன்னே நடந்தார், நான் பின்னே. வலது காலை வெளிப்பக்கம் சரிக்காமல், பெருவிரலை ஊன்றி, மெல்ல மெல்ல. அப்பா கிணற்றடியில் பம்புக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர், நாங்கள் கிட்ட வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தபடி கேட்டார்:

"கால் எப்பிடி இருக்கு?"

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினார். மண்வெட்டியை எடுத்தார்.

"வழி துப்பரவாக் கிடக்கு" என்றார்.